மொபெட்டில் போன மயிலை

திருப்பூரில் தானாக அசைகிற எதுவும் எலாஸ்டிக் அண்ணனிடமிருந்து தப்பியதில்லை. டெய்லர், செக்கிங் அக்கா, வேன் டிரைவர், கம்பெனி வாசலில் படுத்திருக்கும் நாய், அந்த நாயின் வால் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் ஒரு பட்டையைக் கட்டி, அது எப்படி அசைகிறது என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தவர் அவர். வாலில் கட்டிய பட்டையை மட்டும் நாய் கடித்துக் குதறிவிட்டது. அன்று முதல் அவர் வருவது தெரிந்தாலே வாலைச் சுருட்டி அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். "போச்சாதுங்க, உடுங்க, அதுக்கும் ஒரு மானம் ரோசம் இருக்குமில்ல" என்றார் அண்ணன்.

மண்ணரையில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் மூன்று பொருட்களைக் கொடுத்தார்கள்: ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு பரீட்சை அட்டை, ஒரு பென்சில். எலக்ட்ரானிக்ஸ் படித்தவளுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம், டெய்லர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு பனியனுக்குக் கை வைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறிப்பது. முதுகுக்குப் பின்னால் நிற்பவளை யாருக்கும் பிடிக்காது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

முதல் வாரத்தில் ஒரு நாள், ஒரு டெய்லரம்மாவின் பின்னால் நான் நின்றிருந்தபோது, கழுத்தில் அளவு டேப்பைப் போல ஏழெட்டு எலாஸ்டிக் பட்டைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். என் ஸ்டாப் வாட்சை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். திருப்பிக் கொடுத்தார்.

"இது நேரத்தத்தான் சொல்லும் கண்ணு. அந்தம்மாவுக்குத் தோளு எங்க வலிக்குதுன்னு சொல்லுமா?"

"சொல்லாதுங்கண்ணா."

"அப்ப அத அக்கட்ட வெச்சுட்டு என்ற கூட வா."

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். சம்பளப் பட்டியலில் அவர் இல்லாததால் அதை யாரும் பார்த்ததில்லை. முதலாளியின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். முதலாளி அவரை "மாப்ள" என்பார். நாங்கள் எல்லோரும் எலாஸ்டிக் அண்ணன் என்போம். மாடிப்படிக்குக் கீழே, பழைய நூல் கோன்கள் அடுக்கியிருந்த அறைதான் அவருடைய ஆராய்ச்சிக் கூடம்.

ஆராய்ச்சி தொடங்கிய கதை இது. முதலாளியின் மகனுக்கு யாரோ சிங்கப்பூரிலிருந்து ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தார்கள். ரிமோட்டைக் கையில் பிடித்து வீசினால் டிவிக்குள் பேட் வீசும் ரகம். அண்ணன் அதை வாங்கி ஒரு முறை வீசினார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். உள்ளே அரிசி அளவில் ஒரு சில்லு. எந்தப் பக்கம் சாய்கிறோம், எவ்வளவு வெடுக்கென்று நகர்கிறோம் என்பதைச் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கும் சில்லு. அந்த வாரமே பெங்களூருக்கு ஆள் விட்டு ஒரு பை நிறையச் சில்லுகள் வாங்கி வரச் செய்தார். கூடவே, எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று சொல்லும் வேறொரு ரகமும்.

சில்லு கிடைத்தால் போதுமா, அதைப் போட்டு வைக்க ஒன்று வேண்டாமா? அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறையில் எவர்சில்வர் குங்குமச் சிமிழ்களை மொத்தமாக வாங்கினார். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு சில்லு, ஒரு மெமரி கார்டு, ஒரு பழைய செல்போன் பேட்டரி. மூடியைத் திருகினால் வேலை முடிந்தது. சிமிழை உடம்போடு பிடித்து வைக்க ஜட்டி எலாஸ்டிக்கைவிடச் சிறந்தது உலகத்தில் இல்லை என்பது அவருடைய முடிவு. ஏற்றுமதியில் ஷேடு மாறித் திரும்பிய இடுப்புப் பட்டை ரோல்கள் எங்கள் குடோனில் மலைபோல் கிடந்தன. அவற்றை வெட்டி, சிமிழ் நுழைகிற அளவுக்குச் சின்னப் பை தைத்து, பிரஸ் பட்டன் வைத்தார். ஆகவே அவர் பட்டை கட்டிய எல்லோரும் ஏதோ ஒரு வெளிநாட்டு ஜட்டிக் கம்பெனியின் பெயரைச் சட்டைக்கு மேலே கட்டிக்கொண்டு திரிந்தோம்.

எனக்கு இதில் ஒரே ஒரு ஆட்சேபணைதான். பட்டைகளுக்கு எண் கிடையாது. எஸ், எம், எல், எக்ஸெல், டபுள் எக்ஸெல் என்று சைஸ் ஸ்டிக்கர்தான் ஒட்டியிருப்பார்.

"ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுறலாங்கண்ணா. குழப்பம் வராது."

"நம்பர் மறந்து போயிரும் கண்ணு. சைஸு மறக்குமா? எஸ்ஸு நீயி. டபுள் எக்ஸெல்லு கட்டிங் மாஸ்டரு. இதுல என்ன கொழப்பம் வருது?"

வரும் என்று எனக்குத் தோன்றியது. எப்போது என்றுதான் தெரியவில்லை.

கட்டிங் மாஸ்டர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், வேலைக்கு மொபெட்டில் வந்து போகிறவர். அவர் நடந்தால் கட்டிங் டேபிள் ஒதுங்கி வழிவிடும் என்று டெய்லர்கள் சொல்வார்கள். அத்தனை ஆகிருதி. முதன்முதலாக அவர் இடுப்பில் பட்டையைக் கட்டிய நாள் அண்ணன் ஒரு புதிய கணக்கைப் போட்டுப் பார்த்தார். அசைவை வைத்து ஆள் போன தூரத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நொடியும் சேரும் கடுகளவு பிழை சாயங்காலத்துக்குள் மலையாகிவிடும் என்பதும் அதே புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அண்ணன் முதல் பக்கத்தோடு எழுந்துவிட்டவர்.

"மாஸ்டர், நீங்க இப்ப பல்லடம் தாண்டித் தென்னமர ஒசரத்துல போயிட்டு இருக்கீங்க."

"என்ன சார் சொல்லுதிய? நான் காலைல இருந்து இந்த டேபிள விட்டு நகரல, பாத்துக்கிடுங்க."

"அது எனக்குத் தெரியுங்க. சிமிழுக்குத் தெரியலீங்க."

மறுநாளிலிருந்து டெய்லர்கள் மாஸ்டரைப் பார்த்து, "பல்லடத்துல இருந்து எப்பண்ணே இறங்குனீங்க?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஆனால் அண்ணன் ஜெயித்த நாட்களும் உண்டு. முதலாளி வீட்டு அக்காவுக்குச் சர்க்கரை கூடிவிட்டது, தினமும் காலையில் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி அண்ணனிடம் சொல்லி அக்கா இடுப்பில் ஒரு எக்ஸெல் கட்டச் செய்தார். பத்து நாள் கழித்து அண்ணன் அந்தப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். மேலே, கீழே, மேலே, கீழே என்று கோலம் போட்டது போல வளைவு வளைவாக அத்தனை அழகான கோடு.

"அக்கா, மனுசரு யாரும் இவ்வளவு அழகா நடக்க மாட்டாங்க."

"நான் நடப்பேன். உனக்கென்னடா?"

"இது ஊஞ்சல்க்கா. பெல்ட்ட ஊஞ்சல்ல கட்டி ஆட்டி உட்டுட்டு நீ காப்பி குடிச்சிருக்க."

அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "கூடப் பொறந்தவனாடா நீயி?" என்று கேட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் ரோட்டில் நடந்து போவதை ஊரே பார்த்தது.

இந்த வெற்றியில்தான் வினை பிறந்தது. முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீசுக்குள் அண்ணனைக் கூப்பிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"மாப்ள, லைன்ல யாரு வேல செய்யாம டபாய்க்கறாங்கன்னு எனக்கொரு லிஸ்ட்டு குடு. உன்ற பெல்ட்டுக்கு ஆகற செலவெல்லாம் நானே பாத்துக்கறேன்."

"அதுக்கு இது இல்லீங்க மச்சான். வலிக்கறவங்களுக்கு எங்க வலிக்குதுன்னு பாக்கறதுக்குங்க."

"அது டாக்டரு பாத்துக்குவாரு. நீ டபாய்க்கறவங்கள மட்டும் பாரு."

"அப்பச் செரிங்க. மொதல்ல உங்களுக்குக் கட்டிரலாங்களா?"

கம்ப்யூட்டரில் பில் அடித்துக்கொண்டிருந்த பெண்ணின் விரல்கள் அப்படியே நின்றன. மின்விசிறி மட்டும் தைரியமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முதலாளி தண்ணீர் குடித்தார். பிறகு மிக மரியாதையாகப் பேசினார். கொங்கு நாட்டில் அளவுக்கு மீறிய மரியாதை ஆபத்தின் அறிகுறி.

"ரொம்ப சந்தோசமுங்க மாப்பிள்ளை. இந்தச் சிமிழ வெச்சு நீங்க உருப்படியா இதுவரைக்கும் என்ன பண்ணியிருக்கீங்க? என்ற பொண்டாட்டிய நடக்க வெச்சீங்க. செரி. அங்க வெள்ளகோயில்ல உங்க மாடு ஒண்ணு சும்மா நின்னு தின்னுட்டு இருக்குதே, அதுக்குத் தீவனம் யாரு வாங்கறது?"

"நீங்கதானுங்க மச்சான்."

"சித்திரைச் சந்தைக்குள்ள அந்த மாடு சினையாகோணும். இல்லாட்டி மாடு சந்தைக்கு, நீ தேங்கா ஒடைக்கக் களத்துக்கு. ரெண்டு பேரும் ஒரே டெம்போவுல போயிருங்க. அந்த ரூம்ப நான் பட்டன் ஸ்டோர் ஆக்கிக்கறேன்."

அந்த மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் மயிலை. காங்கேயம் பசு. வெள்ளகோவில் பக்கம் அண்ணனின் அம்மா இருக்கும் தோட்டத்தில் நின்றது. அண்ணன் கன்றுக்குட்டியாக வாங்கியது. ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிப் போய் அதைப் பார்த்துவிட்டு வருவார். மயிலைக்கு எல்லா லட்சணமும் இருந்தது, ஒன்றைத் தவிர. மற்ற பசுக்கள் பருவத்துக்கு வந்தால் ஊரைக் கூட்டிக் கத்தும். மயிலை வாயே திறக்காது. அது கத்தாததால் காளைக்குக் கூட்டிப் போகும் நாள் யாருக்கும் தெரியவில்லை. மூன்று வருடமாக அப்படியே நின்றது. மலடு என்று அக்கம்பக்கத்தில் முடிவு கட்டிவிட்டார்கள்.

"மலடெல்லாம் இல்ல கண்ணு, கூச்சம்" என்றார் அண்ணன் என்னிடம். எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பவரின் குரல் அன்று கொஞ்சம் இறங்கியிருந்தது. "கத்தாட்டியும் ஒடம்பு சும்மா இருக்காது. ஒரு நா, ஒரு ராத்திரி, நெல கொள்ளாம நடக்கும். அந்த நடைய நாம புடிச்சிட்டாப் போதும்."

மாட்டின் கழுத்துக்கு ஒரு பட்டை தயாரானது. அளந்து பார்த்தால் டபுள் எக்ஸெல். அதே ஸ்டிக்கரை ஒட்டினார். இப்போது கம்பெனியில் இரண்டு டபுள் எக்ஸெல்.

"அண்ணா, இதுக்காவது..."

"எதுக்குக் கண்ணு? மோந்து பாத்தா மாட்டுது எது, மாஸ்டருது எதுன்னு தெரியாதா?"

 துணியை முகர்ந்தே எந்தப் பட்டறையில் சாயம் ஏற்றியது என்று சொல்கிற மூக்கு அவருடையது. ஊரில் அந்த மூக்குக்குத் தனி மதிப்பு இருந்தது.

அதே வாரத்தில் கட்டிங் மாஸ்டருக்கு இடுப்பு வலி. டேபிள் மேல் குனிந்து குனிந்து வந்த வலி. எப்போது, எப்படிக் குனிகிறார், எப்படிப் படுக்கிறார் என்று பார்க்கிறேன், ஒரு வாரம் ராத்திரியும் பகலும் கழற்றக் கூடாது என்று அண்ணன் அவருக்குப் பட்டையைக் கட்டிவிட்டார். மாஸ்டரும் குளிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கட்டியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வெள்ளகோவிலிலிருந்து மயிலையின் பட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய் நின்றுகொண்டாராம், அவ்வளவு வாசம். மாஸ்டரின் பட்டையும் சேர்ந்து முதலாளி வீட்டு வராந்தாவில் இரவு தங்கியது. காலையில் அக்கா அதைப் பார்த்தார், முகர்ந்தார், மூக்கைப் பொத்தினார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். சிமிழ்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பட்டைகளை எல்லாம் வாஷிங்குக்குப் போகும் சாம்பிள் பனியன்களோடு அனுப்பிவிட்டார். திரும்பி வந்தபோது எல்லாப் பட்டையும் பஞ்சு போல மெத்தென்று, வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு அனுப்பும் ஜப்லாச் சட்டை மாதிரி மணத்தன.

அண்ணன் இரண்டு டபுள் எக்ஸெல்லையும் மாற்றி மாற்றி முகர்ந்தார். இரண்டிலும் மல்லிகை. பிறகு சிமிழ்களை முகர்ந்தார். அக்கா அவற்றையும் துடைத்து வைத்திருந்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "இது மாடு. இது மாஸ்டர்" என்றார். அந்த மூக்கை நம்பி, சிமிழ்களில் பதிவாகியிருந்த கோடுகளுக்கு நானும் கம்ப்யூட்டரில் அப்படியே பெயர் போட்டேன்.

அந்த வாரம் நடந்தவை வருமாறு.

மாஸ்டரின் கோடுகள் ஒரு ராத்திரி முழுக்கக் கொந்தளித்தன. விடிய விடிய நடந்திருக்கிறார். நிற்கிறார், திரும்புகிறார், மறுபடி நடக்கிறார். அண்ணன் கவலையோடு முதலாளியிடம் சொன்னார். முதலாளி அதைவிடக் கவலையோடு மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், ஊட்ல எதாச்சும் பிரச்சனைங்களா? இல்ல, வேற கம்பெனில யாராச்சும் கூப்புடறாங்களா? மனசுல இருக்கறதச் சொல்லுங்க."

"முதலாளி, நான் படுத்தா காலைல அவ வந்து உலுப்புனாத்தான் எந்திப்பேன். எங்க வீட்ல வேணா கேளுங்க."

வீட்டில் கேட்டார்கள். மாஸ்டரின் மனைவி, "ராத்திரி நடந்தாரா? எந்த வீட்டுக்கு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் மாஸ்டருக்குச் சாப்பாட்டுத் தூக்கு வரவில்லை.

மயிலையின் கோடுகளோ வேறு விதமாகப் பயமுறுத்தின. காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை உடம்பு முழுக்கக் கிடுகிடுவென்று நடுக்கம். குளிர் காய்ச்சல் என்று முடிவு செய்தார் அண்ணன். உடனே அம்மாவுக்குப் போன். அம்மா மிளகும் சுக்கும் இடித்துக் கசாயம் வைத்து மயிலைக்குப் புகட்டினார். நல்லபடியாக நின்றுகொண்டிருந்த மாடு அதைக் குடித்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தும்மியது.

எனக்கு ஏதோ இடித்தது. மயிலையின் கோடுகளைத் தனியாக எடுத்து, நேரம் போட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். காலை டீ பெல் அடிக்கும் நேரத்தில் மாடு நிற்கிறது. டீ முடிந்ததும் குனிந்து எதையோ சீராகத் தள்ளுகிறது. சாப்பாட்டு பெல்லுக்கு மறுபடி நிற்கிறது. அந்த நடுக்கம் கம்பெனி தொடங்குவதற்குச் சற்று முன் வருகிறது, முடிந்த கையோடு மறுபடி வருகிறது.

"அண்ணா, உங்க மயிலை டீ குடிக்குமாங்க?"

"தண்ணியே யோசிச்சுத்தான் குடிக்கும். ஏங்கண்ணு?"

"தினமும் காலைல மொபெட்ல வேலைக்கு வந்துட்டுச் சாயங்காலம் மொபெட்ல ஊட்டுக்குப் போகுதுங்கண்ணா."

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடிபட்டவர் போல மூக்கைத் தடவிக்கொண்டார். பிறகு திடீரென்று எழுந்து நின்றார்.

"அப்ப, ராத்திரி பூரா நடந்தது மாஸ்டரு இல்ல!"

"இல்லீங்கண்ணா."

"மயிலை!" என்று கத்திக்கொண்டு படிக்கட்டில் ஓடினார். டெய்லர்கள் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கட்டிங் டேபிளுக்குப் போய் மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மாஸ்டர், நீங்க நடக்கலீங்க! பருவத்துக்கு வந்தது நீங்க இல்லீங்க!" என்றார். அந்த வாக்கியத்தை அந்தக் கம்பெனி இன்னும் மறக்கவில்லை.

அந்த ராத்திரி கடந்து போய்விட்டது. ஆனால் மாட்டுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பருவம் திரும்பி வரும். காலண்டரில் அந்த நாளைச் சுற்றி வட்டம் போட்டோம். சித்திரைச் சந்தைக்கு முன் கிடைக்கப்போவது இந்த ஒரு வாய்ப்போ, தவறினால் இன்னொன்றோதான். அண்ணன் அந்த மூன்று வாரமும் மயிலையைத் தவிர யாருக்கும் பட்டை கட்டவில்லை. நாய்கூட வாலை வெளியே விட்டது.

வட்டம் போட்ட நாளன்று கம்பெனி வேனில் கிளம்பினோம். நான் கம்ப்யூட்டருக்காக. அக்கா, பட்டைகளைத் துவைத்த பாவத்துக்காக. மாஸ்டர் தானாகவே வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

"உங்களுக்குக் கட்டிங் இல்லீங்களா மாஸ்டர்?" என்று கேட்டார் அண்ணன்.

"கட்டிங் கிடக்கட்டும் சார். எனக்கு ரெண்டு நாள் சோறு இல்லாம ஆக்கின மாட்ட நான் பாக்கணும்லா."

கட்டுத்தரையில் மயிலை சாதுவாக நின்றது. அண்ணனின் அம்மா, "காலைல இருந்து சும்மாதான்டா நிக்குது. ஒரு சத்தமில்ல" என்றார். அண்ணன் சிமிழைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். திரையில் கோடுகள் விரிந்தன. விடியற்காலையிலிருந்து ஒரே கொந்தளிப்பு. நிற்கிற மாடு நிற்கவே இல்லை. கட்டிய கயிற்றின் நீளத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது. நாம் பார்க்கும்போது மட்டும் நின்றிருக்கிறது.

"கூச்சம்னு சொன்னேனில்ல" என்றார் அண்ணன்.

பொலிகாளை வைத்திருந்தவரின் தோட்டம் பக்கத்தில்தான். வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் மயிலையை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, கத்தாத மாட்ட எதுக்குங்க ஓட்டிட்டு வந்தீங்க?"

"பருவத்துக்கு வந்திருக்குதுங்க."

"யாரு சொன்னா?"

அண்ணன் லேப்டாப்பைக் காட்டினார். பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "ஈசிஜிங்களா? யாருக்கு நெஞ்சு வலி?" என்று கேட்டார். பிறகு மயிலையின் கழுத்தை உற்றுப் பார்த்து, "அதென்னுங்க, ஜட்டி மாதிரி இருக்குது?"

காளையை அவிழ்த்துவிட்டார்கள். அது லேப்டாப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. மயிலையின் பக்கத்தில் வந்து ஒரே ஒரு முறை முகர்ந்தது. அதற்கு மேல் அதற்கு ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை. அக்காவும் நானும் மரியாதையாக வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டோம்.

"பாத்தியா கண்ணு," என்றார் அண்ணன், கொஞ்சம் பொறாமையோடு. "அவனும் மோப்பந்தான். ஆனா அவனுக்குத் தப்பல."

பாதி வேலைதான் முடிந்திருந்தது. சினை பிடித்திருந்தால் அடுத்த மூன்றாவது வாரம் மயிலை நடக்கக் கூடாது. நடந்தால் தோல்வி. அதுவரை ஏதாவது அசைய வேண்டும் என்று தவம் கிடந்தவர், முதன்முறையாக எதுவும் அசையக் கூடாது என்று காத்திருந்தார். டெய்லர்கள் விஷயம் முழுக்கத் தெரிந்து வைத்திருந்தார்கள். காலையில் வருகைக் கார்டு தேய்க்கும்போதே, "அண்ணே, மயிலை தூங்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் மிஷினில் உட்காருவார்கள்.

அந்த வாரத்துச் சிமிழ் வெள்ளகோவில் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது அண்ணனின் அறைக்குள் நிற்க இடமில்லை. முதலாளியே வந்து ஒரு கோன் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். அறையிலிருந்த பெரிய கம்ப்யூட்டரில் மெமரி கார்டைச் செருகினேன். திரை வெளிச்சமாகி, கரண்ட் போனது. ஜெனரேட்டர் மிஷின்களுக்கு மட்டும்தான். அண்ணன் இருட்டில், "மச்சான், அத இங்கயும் ஒரு ஒயர்..." என்று இழுத்தார். முதலாளி வெளியே போய் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டு வந்தார். அந்தச் சந்தடியில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

திரை திரும்ப வந்தது. கோடு போட்டேன். நேராக, அமைதியாக, குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது.

"என்ன மாப்ள, ஒண்ணுமே காணோம்?"

"அதேதானுங்க மச்சான்! ஒண்ணுமே இல்லீங்க!"

முதலாளி யோசித்தார். வியாபாரி அல்லவா. "பெல்ட்டு மாட்டுக் கழுத்துலதான் இருந்துச்சுன்னு என்ன நிச்சயம்? செவுத்துல ஆணி அடிச்சு மாட்டியிருந்தாலும் இப்படித்தான் வரும்."

 நான் கோட்டைப் பெரிதாக்கினேன். நேர்கோட்டின் மேல் சின்னச் சின்ன அலைகள், ஒரே தாளத்தில், நீளமாக. பிறகு ஒரு சின்ன நிறுத்தம். மறுபடி அலைகள்.

"இது என்னங்க கண்ணு?" என்றார் முதலாளி.

"அசை போடுதுங்க."

வாசலில் நின்றிருந்த அக்கா உள்ளே வந்தார். "ஊஞ்சல்ல கட்டுனதையே கண்டுபுடிச்சவன் அவன். செவுத்துல மாட்டுனது தெரியாதா? எந்திரிங்க. மாடு எங்கயும் போகல, என்ற தம்பியும் எங்கயும் போகல." அந்தத் தீர்ப்புக்கு மேல் அந்தக் குடும்பத்தில் அப்பீல் கிடையாது. மாஸ்டர் எல்லோருக்கும் டீ சொன்னார்.

சித்திரைச் சந்தை வந்து போனது. பட்டன் ஸ்டோர் வேறு இடத்துக்குப் போனது. மார்கழிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மயிலை கன்று போடும் என்று தெரிந்து மறுபடியும் அதே வேன், அதே ஆட்கள். எனக்கு அதற்குள் பெங்களூரில் ஒரு வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது, இதே சில்லு வேலைதான். அன்று நான் ஒரு எல் சைஸ் பட்டையை எடுத்துப் போயிருந்தேன்.

"அண்ணா, நீங்க மட்டும் இதுவரைக்கும் இதக் கட்டவே இல்லீங்க."

"நான் எங்க கண்ணு அசையறேன்? ஒக்காந்து அடுத்தவங்களப் பாக்கறதுதான என்ற பொழப்பு." கண் முழுக்க மயிலையின் மேல் இருந்தது. நான் அவர் இடுப்பில் கட்டியதைக்கூட அவர் சரியாகக் கவனிக்கவில்லை.

மெல்லிய செம்பழுப்பு நிறத்தில் ஒரு கிடாரிக் கன்று. இரண்டு முறை எழுந்து விழுந்து, மூன்றாவது முறை நின்றது. அதன் கழுத்துக்கு எஸ் சைஸ்கூடப் பெரிதாக இருந்தது.

மற்ற படங்களெல்லாம் கம்பெனியிலேயே இருக்கின்றன. இந்த ஒன்றை மட்டும் தாளில் எடுத்து என்னோடு கொண்டு வந்துவிட்டேன். இப்போது என் ஆபீஸ் மேசைக்கு முன்னால் ஒட்டியிருக்கிறது. ஒரு மதியம் முழுக்க நிலைகொள்ளாமல் நடக்கிறது கோடு. உட்காருகிறது, எழுகிறது, இரண்டடி போகிறது, திரும்பி வருகிறது. கன்று நின்ற நேரத்தில் ஒரே துள்ளலாகத் துள்ளித் தாளின் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விடுகிறது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பையன் அதன் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எந்த மிருகத்தோட டேட்டா மேடம்?" என்று கேட்டான்.

"எங்க அண்ணன்" என்றேன்.